6-ஆலும் 12-ஆலும் வகுபடும் எண் 72-ஆல் வகுபடாதா? (வகுபடும் விதிகள், காரணிகள்)

தேர்வுப்_பயணி:
வணக்கம். மாதிரித் தேர்வு ஒன்றில் வந்த கணக்கு: 6□52△ என்ற ஐந்திலக்க எண் 72-ஆல் மீதியின்றி வகுபடும் என்றால் □, △ எவை?

72 = 6 × 12 என்பதால் 6, 12 இரண்டின் விதிகளையும் போட்டுப் பார்த்தால் 10 எண்கள் தேறுகின்றன. விடைக்குறிப்பில் இருப்பதோ 65520, 66528 இரண்டே இரண்டு. எங்கே உதைக்கிறது?

இன்னொன்று. 7, 13, 17-க்கு ஆளுக்கொரு விதி சொல்கிறார்கள். எதைத்தான் மனதில் வைப்பது?

வகுத்தல்_வாத்தியார்:
12-ஆல் வகுபடும் எந்த எண்ணும் 6-ஆல் தானாகவே வகுபட்டுவிடும். ஆக, 6-ஐச் சோதித்தது வெட்டி வேலை. நீங்கள் பார்த்தது 12-ஐ மட்டும்தான். சின்ன உதாரணம் 36. 6-ஆல் வகுபடும், 12-ஆல் வகுபடும், 72-ஆல் வகுபடாது.

பிரிக்கும்போது இரண்டு பகுதிகளும் சார்பகா எண்களாக இருக்க வேண்டும், அதாவது 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இருக்கக் கூடாது. ஒரே பகா எண்ணின் அடுக்கை இரண்டாக உடைக்காதீர்கள். 72 = 2³ × 3². எனவே 8, 9. வேறு வழியே இல்லை. இதே மாதிரி 12-க்கு 3, 4. 18-க்கு 2, 9. 24-க்கு 3, 8. 36-க்கு 4, 9. 88-க்கு 8, 11. 132-க்கு 3, 4, 11. தேர்வில் அதிகம் பேர் சறுக்குவது 24-ஐ 4 × 6 என்றும், 18-ஐ 3 × 6 என்றும் பிரிக்கும்போதுதான்.

இப்போது கணக்கு. முதலில் 8. கடைசி மூன்று இலக்கம் 52△. நூறாம் இலக்கம் 5, ஒற்றைப்படை. அப்படியானால் கடைசி இரண்டு இலக்கத்தோடு 4-ஐக் கூட்டி 8-ஆல் வகுபடுகிறதா என்று பார்த்தால் போதும் (100-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 4, அதனால்தான்). 20 + 4 = 24, சரி. 28 + 4 = 32, சரி. எனவே △ 0 அல்லது 8. இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 0 கிடைத்ததுமே நிறுத்திவிட்டால் ஒரு விடை போய்விடும்.

அடுத்து 9. △ = 0 என்றால் 6 + 5 + 2 + 0 = 13, □ = 5. △ = 8 என்றால் 21, □ = 6. முடிந்தது.

கட்டத்தை விட்டுவிட்டுக் கூட்டிய தொகை ஏற்கெனவே 9-இன் மடங்காக இருந்தால் கட்டத்தில் 0 வரலாம், 9-உம் வரலாம். 0-ஐ எழுதி 9-ஐ மறப்பவர்கள் நிறைய.

ஒற்றைப்படை:
அந்த 10 எண்ணில் ஒன்றான 62520-ஐயே எடுத்துப் பாருங்கள். 12-ஆல் போகும், 8-ஆலும் போகும். இலக்கக் கூட்டுத்தொகை 15, அதனால் 9-ஆல் போகாது. 64524 இன்னும் மோசம், 8-ஆலும் போகாது, 9-ஆலும் போகாது.

விதிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 10, 100, 1000 ஆகியவற்றை அந்த எண்ணால் வகுத்தால் என்ன மீதி வருகிறது என்று பாருங்கள், விதி தானே வந்து விழும். 9-ஆல் எப்போதும் மீதி 1, அதனால் இலக்கங்களைக் கூட்டுகிறோம். 3-க்கும் அப்படியே. 11-ஆல் வகுத்தால் 10-க்கு மீதி −1, 100-க்கு +1, 1000-க்கு −1, அதனால் ஒன்றைவிட்டு ஒன்று கூட்டிக் கழிக்கிறோம். 4-ஆல் 100 போய்விடுகிறது, 8-ஆல் 1000 போய்விடுகிறது. அவ்வளவே.

11-இல் ஒரு எச்சரிக்கை. வித்தியாசம் 0 வந்தால்தான் வகுபடும் என்று பலர் நினைக்கிறார்கள். 918082-ஐப் பாருங்கள்: 9 − 1 + 8 − 0 + 8 − 2 = 22. 22-உம் 11-இன் மடங்குதான். 918082 = 11 × 83462.

தேர்வுப்_பயணி:
தெளிவாகிவிட்டது, நன்றி. 7-க்கு என்ன வழி? “கடைசி இலக்கத்தை இரண்டால் பெருக்கிக் கழி” என்பது சரிதானா?

வகுத்தல்_வாத்தியார்:
சரிதான். 1729: கடைசி 9, இரட்டிப்பு 18. 172 − 18 = 154. மறுபடி 15 − 8 = 7. வகுபடும்.

இதே அச்சில் மற்ற பகா எண்களுக்கும் நீங்களே விதி செய்துகொள்ளலாம். அந்த எண்ணின் வாய்ப்பாட்டில் 1-இலோ 9-இலோ முடியும் மடங்கைத் தேடுங்கள். 1-இல் முடிந்தால் முன்னிருக்கும் எண்ணால் பெருக்கிக் கழிக்க வேண்டும். 9-இல் முடிந்தால் முன்னிருப்பதோடு ஒன்று சேர்த்து, அதால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

7-க்கு 21, ஆகவே 2-ஆல் பெருக்கிக் கழி.
13-க்கு 39, 4-ஆல் பெருக்கிக் கூட்டு.
17-க்கு 51, 5-ஆல் பெருக்கிக் கழி.
19-க்கு அதுவே 9-இல் முடிகிறது, 2-ஆல் பெருக்கிக் கூட்டு.
23-க்கு 69, 7-ஆல் கூட்டு. 29-க்கு 3-ஆல் கூட்டு, 31-க்கு 3-ஆல் கழி.
37-க்கு 111, 11-ஆல் கழி. இதற்கு மேல் நேரடியாக வகுப்பதே வேகம்.

ஒற்றைப்படை:
வாத்தியார் சொன்னதில் ஒரு முக்கியமான எல்லை விடுபட்டுவிட்டது. இந்தக் கழிக்கும் முறை “வகுபடுமா, படாதா” என்பதை மட்டுமே சொல்லும். மீதியைச் சொல்லாது.

100-ஐ எடுங்கள். 10 − 0 = 10, 7-ஆல் வகுத்தால் மீதி 3. ஆனால் 100-ஐ 7-ஆல் வகுத்தால் உண்மையான மீதி 2. காரணம், ஒவ்வொரு படியிலும் எண்ணை −2-ஆல் பெருக்கிய மாதிரி ஆகிறது. 2-க்கும் 7-க்கும் பொதுக் காரணி இல்லாததால் வகுபடும் தன்மை கெடுவதில்லை, மீதி மட்டும் மாறிவிடுகிறது. “இன்றிலிருந்து 1000-ஆவது நாள் என்ன கிழமை” வகைக் கேள்வியில் இதைப் போட்டால் கிழமை மாறிப்போகும்.

மீதி வேண்டுமானால் இடமிருந்து வாருங்கள்: கையில் இருப்பதை 3-ஆல் பெருக்கி அடுத்த இலக்கத்தைக் கூட்டி, 7-களைத் தள்ளிவிடுங்கள். 1729-க்கு: 1 × 3 + 7 = 10, தள்ளினால் 3. 3 × 3 + 2 = 11, தள்ளினால் 4. 4 × 3 + 9 = 21, தள்ளினால் 0. இதில் கடைசியில் நிற்பது அசல் மீதி.

கணக்கர்_கோவை:
பெரிய எண்ணுக்கு இரண்டுமே இழுவை. 1001 = 7 × 11 × 13 என்பதைப் பிடித்துக்கொண்டால் ஒரே வேலையில் மூன்று எண்களையும் பார்க்கலாம். வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க வேண்டும். மீதியும் மாறாது.

ஆனால் நம் ஊர்க் காற்புள்ளி இங்கே காலை வாரிவிடும். 5,28,47,391 என்று எழுதியிருக்கும். அதை அப்படியே 391 − 47 + 28 − 5 என்று போட்டால் 367 வரும், எதற்கும் உதவாது. காற்புள்ளியை அழித்துவிட்டு 52, 847, 391 என்று மும்மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

391 − 847 + 52 = −404.

404-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 5. நம்மிடம் இருப்பது −404, எனவே மீதி 7 − 5 = 2. 11-க்கு: 404-இல் மீதி 8, எனவே 3. 13-க்கு: மீதி 1, எனவே 12. கழித்தல் குறியைக் கவனிக்காமல் 5, 8, 1 என்று எழுதுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. வகுபடுமா என்று மட்டும் பார்ப்பவருக்குக் குறி பற்றிக் கவலையில்லை.

358358 மாதிரி மூன்று இலக்கம் அப்படியே திரும்ப வரும் எண் எதுவாக இருந்தாலும் 7, 11, 13 மூன்றாலும் வகுபடும். அது 358 × 1001.

மாணவி_பத்தாம்வகுப்பு:
ஐயா, 8051/8633 என்ற பின்னத்தை எளிய வடிவில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 2, 3, 5, 7, 11, 13 வரை எந்த விதியும் பிடிக்கவில்லை. சுருங்காது என்று எழுதலாமா?

வடமராட்சியான்:
அவசரப்பட வேண்டாம், பிள்ளை. சிறிய எண்களுக்கு அகப்படவில்லை என்றால் பொதுக் காரணி இல்லை என்று ஆகாது. இரண்டையும் கழித்துப் பாருங்கோ: 8633 − 8051 = 582. இரண்டு எண்ணையும் வகுக்கும் எந்த எண்ணும் இந்த 582-ஐயும் வகுக்கத்தான் வேண்டும். 582 = 2 × 3 × 97. இரண்டு எண்ணும் ஒற்றை எண்கள், இலக்கங்களின் கூட்டுத்தொகை 14, 20. எனவே 2-உம் இல்லை, 3-உம் இல்லை. மிஞ்சுவது 97 ஒன்றுதான். 8051 ÷ 97 = 83. 8633 ÷ 97 = 89. விடை 83/89.

வித்தியாசமே பெரிய எண்ணாக இருந்தால் யூக்ளிட் முறையில் தொடர்ந்து வகுக்கலாம். 8633-ஐ 8051-ஆல் வகுக்க மீதி 582. 8051-ஐ 582-ஆல் வகுக்க மீதி 485. 582-ஐ 485-ஆல் வகுக்க மீதி 97. 485-ஐ 97-ஆல் வகுக்க மீதி 0. மீதி 0 வருவதற்கு முன் நின்ற வகுத்திதான் பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுள் பெரியது). ஒரு முதன்மை எண்ணின் (பகா எண்ணின்) விதிகூடத் தேவைப்படவில்லை, பாருங்கோ.

ஒற்றைப்படை:
அருமை. இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாக உடைக்கவும் ஒரு குறுக்குவழி உண்டு. வழக்கமான முறையில் 8633 பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் (93-க்குச் சற்றுக் கீழ்) வரை உள்ள பகா எண்களை வரிசையாகப் போட வேண்டும். 2-இலிருந்து 89 வரை 24 எண்கள். 24-ஆவதில்தான் மாட்டும், அதுதான் கொடுமை.

எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதும் ஃபெர்மா வழியில், மேலே உள்ள முதல் முழு வர்க்கத்தை எடுங்கள். 93² = 8649. 8649 − 8633 = 16 = 4². எனவே (93 − 4)(93 + 4) = 89 × 97. ஒரே படி. 8051-உம் அப்படியே: 90² = 8100, வித்தியாசம் 49 = 7², ஆக 83 × 97.

வகுத்தல்_வாத்தியார்:
அது அந்த இரண்டு காரணிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் வந்த அதிர்ஷ்டம். 1501-க்குப் போட்டுப் பாருங்கள். 39² − 1501 = 20, 40-க்கு 99, 41-க்கு 180, 42-க்கு 263… 49-க்குப் போனால்தான் 900 = 30² வரும். 11 படி. கிடைப்பது 19 × 79. பழைய விதியில் 7, 11, 13, 17 முடிந்து 19-இல் 150 + 2 = 152, 15 + 4 = 19 என்று மாட்டிவிடும்.

தேர்வில் நான் சொல்வது: முதலில் 19 வரை விதிகளைப் போடு. பிடிக்கவில்லையா, வர்க்கத்தை இரண்டு மூன்று தடவை பார். அதற்கும் பிடிக்கவில்லை என்றால் மறுபடி 23, 29 என்று தொடர். வித்தியாசம் 2, 3, 7, 8-இல் முடிந்தால் அது வர்க்கமே இல்லை, அடுத்ததற்குப் போய்விடலாம்.

பார்த்தால் பகா எண் மாதிரியே முழிக்கும் சில எண்களைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்: 91, 119, 133, 143, 161, 187, 203, 217, 221, 247, 299, 323, 391, 437. எதுவும் பகா எண் இல்லை. 221 = 13 × 17, 323 = 17 × 19, 391 = 17 × 23.

தேர்வுப்_பயணி:
எல்லாக் காரணிகளையும் விடாமல் எழுத என்ன வழி? 1764-க்கு ஜோடி ஜோடியாக எழுதினால் ஒன்றிரண்டு விட்டுப்போகிறது.

வகுத்தல்_வாத்தியார்:
பகாக் காரணிப்படுத்திவிட்டு அட்டவணை போடுங்கள். 1764 = 2² × 3² × 7². எண்ணிக்கை முதலில்: ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கு, 3 × 3 × 3 = 27. எத்தனை எழுத வேண்டும் என்று தெரியாமல் எழுதத் தொடங்காதீர்கள்.

முதல் வரி, 7 இல்லாதவை: 1, 2, 4, 3, 6, 12, 9, 18, 36
அதையே 7-ஆல் பெருக்கி: 7, 14, 28, 21, 42, 84, 63, 126, 252
மறுபடி 7-ஆல் பெருக்கி: 49, 98, 196, 147, 294, 588, 441, 882, 1764

சரிபார்க்க, முதலாவதையும் கடைசியையும் பெருக்குங்கள், இரண்டாவதையும் கடைசிக்கு முந்தையதையும் பெருக்குங்கள். எல்லாமே 1764 வர வேண்டும்: 2 × 882, 4 × 441, 3 × 588, 6 × 294. நட்டநடுவில் 42 தனியாக நிற்கும், அதுதான் வர்க்கமூலம். முழு வர்க்க எண்ணுக்குக் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வருவது இதனால்தான். ஜோடி முறையில் 42 × 42-ஐ இரண்டாக எண்ணி 28 என்று எழுதுபவர்கள் உண்டு.

இதே அட்டவணையிலிருந்து மற்றக் கேள்விகளும் வரும். ஒற்றைப்படைக் காரணிகள் எத்தனை? 2-ஐ விட்டுவிடு, 3 × 3 = 9. இரட்டைப்படை 27 − 9 = 18. 12-ஆல் வகுபடும் காரணிகள்? 1764 ÷ 12 = 147 = 3 × 7², அதன் காரணிகளின் எண்ணிக்கை 2 × 3 = 6.

நிரலன்:
நிரல் எழுதுபவர்களுக்காக. வர்க்கமூலம் வரை ஓடவிட்டால் போதும் என்பது தெரிந்ததே. தெரிந்தும் சொதப்பும் இடங்கள்:

கிடைத்த காரணியால் எண்ணை உடனுக்குடன் வகுத்துச் சின்னதாக்க வேண்டும். 13860-இன் வர்க்கமூலம் 117-ஐத் தாண்டும். ஆனால் 4-ஆல் வகுத்தால் 3465, 9-ஆல் 385, 5-ஆல் 77, 7-ஆல் 11. எல்லையை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டால் 7-ஐத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. கடைசியில் 1-ஐவிடப் பெரிதாக மிஞ்சும் எண்ணும் ஒரு பகாக் காரணி என்பதைப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள், இந்த 11 மாதிரி.

சி மொழியில் 32 பிட் முழு எண்ணை வைத்துக்கொண்டு “ஐ × ஐ ≤ எண்” என்று சுற்றினால் 2147483647-இல் வம்பு. அது பகா எண், 46340 வரை எதுவும் வகுக்காது. அடுத்த 46341-இன் வர்க்கம் 2147488281, அந்த அளவுக்குள் அடங்காது. பெரும்பாலும் எதிர்மறை எண்ணாகத் திரும்பிவரும், சுற்று நிற்காது. “ஐ ≤ எண் ÷ ஐ” என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பைத்தானில் முழு எண் வழிந்து போகாது, ஆனால் 0.5 அடுக்கு போட்டு வர்க்கமூலம் எடுத்தால் பெரிய எண்களில் ஒன்று பிசகும். 3.8 பதிப்பிலிருந்து அதற்கென்றே ஐஸ்கொயர்ட் (isqrt) என்ற செயற்கூறு இருக்கிறது.

கணக்கர்_கோவை:
9-இன் விதிக்குக் கணக்குப் பிள்ளைகளிடம் ஒரு வேலை உண்டு. இருப்பாய்வில் பற்றும் வரவும் 2,700 ரூபாய் இடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 9-ஆல் வகுபடுகிறது. இரண்டு சந்தேகங்கள்: இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 8,500-ஐ 5,800 என்று எழுதியது மாதிரி. அல்லது ஒரு சைபர் கூடியிருக்கலாம், 300-ஐ 3,000 என்று. 2,700 ÷ 900 = 3, எனவே ஆயிரத்திலும் நூறிலும் 3 வித்தியாசப்படும் இலக்கங்கள் உள்ள பதிவுகளை முதலில் தேடலாம்; 2,700 ÷ 9 = 300, அந்தத் தொகை உள்ள பதிவையும் பார்க்கலாம்.

இதன் மறுபக்கம்: பெருக்கல் விடையை இலக்கக் கூட்டுத்தொகை வைத்துச் சரிபார்ப்பவர்களுக்கு இடம் மாறிய இலக்கம் கண்ணில் படவே படாது. 5,800-க்கும் 8,500-க்கும் கூட்டுத்தொகை 13-தான். அதற்கு 11-இன் விதி வேண்டும். பழைய பத்து இலக்கப் புத்தக எண்ணில் (ஐ.எஸ்.பி.என்) சரிபார்ப்புக்கு 11-ஐ வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்: ஒரு இலக்கம் தவறினாலும் மாட்டும், இரண்டு இடம் மாறினாலும் மாட்டும். இன்றைய 13 இலக்க எண்ணில் 10-ஐ வைத்திருக்கிறார்கள். பக்கத்து இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருந்து இடம் மாறினால் அது தப்பித்துவிடும்.

மாணவி_பத்தாம்வகுப்பு:
சரியாக 16 காரணிகள் உள்ள மிகச் சிறிய எண் எது? 16 = 2 × 2 × 2 × 2, எனவே 2 × 3 × 5 × 7 = 210 என்று எழுதலாமா?

ஒற்றைப்படை:
16-ஐ வேறு விதமாகவும் பிரிக்கலாமே. எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 1 குறைத்தால் அடுக்கு. பெரிய அடுக்கைச் சின்னப் பகா எண்ணுக்குக் கொடுங்கள்.

2 × 2 × 2 × 2: 210
4 × 2 × 2: 2³ × 3 × 5 = 120
4 × 4: 2³ × 3³ = 216
8 × 2: 2⁷ × 3 = 384
16: 2¹⁵ = 32768

விடை 120. புதிதாக 7-ஐச் சேர்ப்பதும், 2-இன் அடுக்கை ஒன்றிலிருந்து மூன்றாக்குவதும் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கத்தான் செய்யும். ஆனால் முதலாவதற்கு 7 மடங்கு விலை, இரண்டாவதற்கு 4 மடங்குதான். இந்தப் பேரத்தைத்தான் இராமானுஜன் 1915-இல் வெளிவந்த கட்டுரையில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். தனக்கு முன்னிருக்கும் எந்த எண்ணைவிடவும் அதிகக் காரணிகள் கொண்ட எண்களின் பட்டியல் அது: 12, 24, 36, 48, 60, 120 என்று போய் 6746328388800 வரை. அந்தக் கடைசி எண்ணுக்கு 10080 காரணிகள். கையால் போட்ட பட்டியல், நடுவில் 293318625600 ஒன்று மட்டும் விடுபட்டுவிட்டது.

தேர்வுப்_பயணி:
அப்படியானால் 27 காரணிகள் உள்ள மிகச் சிறிய எண் 1764 இல்லை, 2² × 3² × 5² = 900, சரியா?

வகுத்தல்_வாத்தியார்:
சரி. 9 × 3 என்று பிரித்தால் 2⁸ × 3² = 2304, அது பெரிது. 900-தான்.